தங்கம் ஓடுகிறதா, ஆசிட் ஓடுகிறதா? சல்ஃபைடு ஆக்சிஜனேற்றத்தின் வேகத்தை அளக்க முழுமையான வழிகாட்டி

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் சீசன் வந்தால் வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இந்த வினையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். தயோஅனிசோல் என்ற சல்ஃபைடை ஹைட்ரஜன் பெராக்சைடால் சல்ஃபாக்சைடாக மாற்ற வேண்டும். வினையூக்கி குளோரோஆரிக் அமிலம், அதாவது கரைசலில் இருக்கும் தங்கம்(III). கேட்க எளிது. வினையும் ஓடிவிடும். ஆனால் கிடைத்த வேக மாறிலி (வினை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும் எண்) தங்கத்தின் வேகம்தானா, கூடவே போகும் அமிலத்தின் வேகமா என்று வைவாவில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

பெரும்பாலான ப்ராஜெக்ட்கள் கெடுவது கணக்கில் அல்ல, முதல் சாம்பிள் எடுப்பதற்கு முன்பே. அதனால் இங்கே முன்தயாரிப்புக்கு நிறைய இடம் போகும். வரைபடம் போடுவது கடைசியில் சின்னதாக வரும்.

1. கையில் இருக்க வேண்டியவை

தயோஅனிசோல், மெத்தில் ஃபினைல் சல்ஃபாக்சைடு, மெத்தில் ஃபினைல் சல்ஃபோன் (சல்ஃபாக்சைடு இன்னும் ஒரு ஆக்சிஜன் ஏற்றால் வருவது) மூன்றும் தனித்தனி பாட்டிலில் வேண்டும். விளைபொருளை வாங்காமல் சல்ஃபைடு குறைவதை மட்டும் அளந்தால், காணாமல் போனது எங்கே போனது என்று உங்களால் சொல்ல முடியாது. சல்ஃபாக்சைடு 30 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் உருகிவிடும். நம் ஊரில் ஜனவரியில் பாட்டிலில் கட்டியாக இருப்பது மே மாதம் எண்ணெயாக நிற்கும். சரக்கு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 30 சதவீதம், கடையில் '100 வால்யூம்' என்பார்கள். ஸ்டெபிலைசர் அதிகம் கலந்த தொழிற்சாலை ரகம் வேண்டாம், லேப் ரகம் கேளுங்கள். ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) ரக அசிட்டோநைட்ரைல், பைஃபினைல், சோடியம் சல்ஃபைட் (சல்ஃபைடு அல்ல; பெராக்சைடை அழித்து வினையை நிறுத்தும் உப்பு), 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் கடைசி அலசலுக்குக்கூட வேண்டாம். அதிலுள்ள இரும்பின் சுவடு போதும், பெராக்சைடைத் தானே உடைக்கும்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. சௌகார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் மாமா துண்டுத் தங்கம் தருவார், ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்துக்கொள்ளலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். வேண்டாம். 916 நகையில் 91.6 சதவீதம்தான் தங்கம். மிச்சத்தில் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வெள்ளி குளோரைடாக வீழ்ந்துவிடும், செம்பு கரைசலிலேயே தங்கி பெராக்சைடோடு தன் வேலையைக் காட்டும். நீங்கள் செம்பின் வேகத்தை அளந்துவிட்டுத் தங்கம் என்று எழுதுவீர்கள். ஒரு கிராம் குளோரோஆரிக் அமில ட்ரைஹைட்ரேட் வாங்கினால் அதில் அரை கிராம் தங்கம். ஒரு ரன்னுக்கு, அதாவது வினையை ஒரு தடவை ஓட்ட, நாலு மில்லிகிராம் போதும். ஒரு பாட்டில் இரண்டு மூன்று பேட்சுக்கு வரும்.

2. வெப்பநிலையை முதலில் முடிவு செய்யுங்கள்

புத்தகத்தில் 25 டிகிரி என்று இருக்கும். ஏசி இல்லாத லேபில் ஏப்ரலில் அறையே 33, 34 காட்டும். வாட்டர் பாத் சூடாக்கும், குளிர வைக்காது. 25-ல் செட் செய்த பாத்தில் குடுவை 33-ல் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டில் 25 என்று எழுதியிருப்போம்.

அதனால் அடிப்படை வெப்பநிலையை 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையைவிட எப்போதும் மேலே இருப்பதால் பாத் தன் வேலையைச் சரியாகச் செய்யும். தெர்மாமீட்டரைப் பாத்தில் வைக்காமல், அதே அளவு அசிட்டோநைட்ரைல் ஊற்றிய இன்னொரு குடுவைக்குள் வையுங்கள். சாதாரணமாக இந்த மாதிரி வினையில் ஒரு டிகிரி தவறினால் வேகத்தில் 7 சதவீதம் போல மாறும். மூன்று டிகிரி தவறு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

சிலருக்கு 25-ல் ஒரு புள்ளி கட்டாயம் வேண்டும் என்று கைடு சொல்லியிருப்பார். காசிமேட்டில் மீனுக்கு உடைக்கும் ஐஸ் பாரில் ஒரு துண்டு வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் தண்ணீரோடு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் அரை டிகிரிக்குள் பிடிக்கலாம். செய்திருக்கிறோம். ஆனால் ஒருவர் ஐஸுக்கே முழு நேரமும் உட்கார வேண்டும். மீன் வாசனை இலவசம்.

3. குடுவையும் ஸ்டர் பாரும்

என் கை சுட்ட கதை இது. ஒரு வருடம் ஒரே அளவுகளில் ஓட்டிய இரண்டு ரன்களில் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் போனது. ஸ்டாக் கரைசலைச் சந்தேகப்பட்டேன், பாத்தைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பையனையும் சந்தேகப்பட்டேன். குற்றவாளி ஸ்டர் பார், கரைசலைக் கலக்கும் காந்தக் குச்சி. வெள்ளையாக இருக்க வேண்டிய டெஃப்லான் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. பழைய வேலைகளில் ஒட்டிய உலோகம் கீறல்களுக்குள் உட்கார்ந்திருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இந்த வேலைக்கென்று ஐந்தாறு புது ஸ்டர் பாரைத் தனியாக எடுத்து வையுங்கள். ஒவ்வொரு ரன்னுக்குப் பிறகும் குடுவையையும் பாரையும் ஃபியூம் ஹூடுக்குள் (வாயுவை வெளியே இழுக்கும் பெட்டி) ராஜ திராவகத்தில் கழுவுங்கள். கொஞ்சமாக, அப்போதைக்கு அப்போது கலந்தது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மூடி வைக்கவே கூடாது, வாயு கிளம்பி பாட்டில் வெடிக்கும். கரிமக் கரைப்பான் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. குடுவையை முதலில் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுத்தான் ராஜ திராவகம். அப்புறம் நிறையத் தண்ணீர், அதற்குப் பின் ஓவனில் உலர்த்தல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் காய வேண்டும் என்று அசிட்டோன் விட்டு அலசும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. பெராக்சைடும் அமிலமும் இருந்த பாத்திரத்தில் அசிட்டோன் வேண்டவே வேண்டாம். மூன்றும் சேர்ந்தால் தொட்டாலே வெடிக்கும் பெராக்சைடு உருவாகலாம். ப்ராஜெக்ட் முடியும்வரை அந்த மேசையில் அசிட்டோன் வாஷ் பாட்டிலே இருக்கக் கூடாது என்பது என் விதி.

ஸ்டீல் ஸ்பேட்டுலா, ஸ்டீல் ஊசி இரண்டும் தங்கக் கரைசலைத் தொடக் கூடாது. இரும்பு தங்கத்தை ஒடுக்கும், தானும் கரைந்து உள்ளே போகும். எடை போடப் பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா, அளக்க மைக்ரோபிப்பெட்.

4. ஸ்டாக் கரைசல்கள்

மூன்று ஸ்டாக் (முன்பே கலந்து வைக்கும் கரைசல்) போதும்.

சல்ஃபைடு ஸ்டாக்: 1.242 கிராம் தயோஅனிசோலை அசிட்டோநைட்ரைலில் 10 மி.லி. ஆக்குங்கள். 1 மோலார். அதிலேயே 0.15 கிராம் போல பைஃபினைலைச் சரியாக எடை போட்டுக் கரைத்துவிடுங்கள். அது வினையில் கலந்துகொள்ளாத சாட்சி. பிப்பெட்டில் கொஞ்சம் கூடக் குறைய வந்தாலும் விகிதம் காப்பாற்றும். இது பயங்கரமாக நாறும், ஹூடுக்குள்தான் திறக்க வேண்டும். ஒரு தடவை ஹூடுக்கு வெளியே திறந்ததில் 'கேஸ் லீக்' என்று வராந்தாவில் சத்தம் போட்டு மாடியையே காலி செய்துவிட்டார்கள். மணலித் தொழிற்சாலைக் காற்றில் பழகிய மூக்குகள்தான். இருந்தும் இதைத் தாங்கவில்லை.

தங்க ஸ்டாக்: 78.8 மி.கி. குளோரோஆரிக் அமில ட்ரைஹைட்ரேட்டை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 10 மி.லி. ஆக்கினால் 20 மில்லிமோலார். இந்த உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசியும். நம் கடலோரக் காற்றில் தராசுத் தட்டிலேயே எண்கள் ஏறிக்கொண்டே போகும். மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் (வயல்) வேகமாக எடை போடுங்கள். ஃபாயில் சுற்றி வையுங்கள், வெளிச்சம் ஆகாது. அமிலத்தில் கரைப்பதற்குக் காரணம் உண்டு: வெறும் தண்ணீரில் தங்கத்தைச் சுற்றியுள்ள குளோரைடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீர் ஒட்டும். திங்கட்கிழமை ஸ்டாக்கும் வெள்ளிக்கிழமை ஸ்டாக்கும் வேறு வேறு பொருளாகிவிடும்.

அமிலத் திருத்தி: வெறும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இது எதற்கு என்று ஏழாவது படியில் தெரியும்.

தங்க ஸ்டாக்கையும் பெராக்சைடையும் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். பெராக்சைடு ஆக்சிஜனேற்றி என்றுதான் படித்திருப்போம். குளோரோஆரேட்டை அது உலோகத் தங்கமாக ஒடுக்கவும் செய்யும், தான் ஆக்சிஜனாகக் கிளம்பிவிடும்.

5. பெராக்சைடை அளந்த பிறகே தொடுங்கள்

லேபிளில் 30 சதவீதம் என்றால் 9.8 மோலார் அருகில் இருக்க வேண்டும். வெயிலில் வண்டியில் வந்து, கடையில் அலமாரியில் நின்று, நம் கைக்கு வரும்போது எவ்வளவு மிச்சம் என்று லேபிள் சொல்லாது.

1.00 மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். அதில் 10.00 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.02 மோலார் பெர்மாங்கனேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். சரக்கு நல்லதென்றால் 19.6 மி.லி. பக்கத்தில் இளஞ்சிவப்பு நிற்கும். 15-ல் நின்றால் பாட்டிலில் கால் பங்கு காணோம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தால் பெர்மாங்கனேட் குளோரைடையும் தின்று கணக்கைக் கெடுக்கும்.

வாரம் ஒரு தடவை கட்டாயம். கோடையில் இரண்டு தடவை.

6. அளவீட்டுக் கோடு

தயோஅனிசோல் 254 நா.மீ. பக்கத்தில் நன்றாக ஒளியை உறிஞ்சும். அதனால் யூவி மெஷினிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். அதே பகுதியில் தங்கக் குளோரைடும் உறிஞ்சும், சல்ஃபாக்சைடும் உறிஞ்சும், தங்கத்தின் உறிஞ்சல் வினையின் போக்கில் மாறவும் செய்யும். ஹெச்பிஎல்சிதான் வழி. சாதாரண சி-18 காலம்ன் (பொருள்களைப் பிரிக்கும் குழாய்) வழியே சல்ஃபாக்சைடு முதலில், சல்ஃபோன் அடுத்து, சல்ஃபைடு தாமதமாக, பைஃபினைல் எல்லோருக்கும் பின்னால் வரும்.

மூன்று பொருளுக்கும் தெரிந்த செறிவுகளை ஓட்டி, பீக் பரப்போடு ஒப்பிட்டுத் தனித்தனிக் கோடு போடுங்கள். பீக் பரப்பை அப்படியே சதவீதமாக எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 254-ல் சல்ஃபைடு உரக்கப் பேசும், சல்ஃபோன் முணுமுணுக்கும். பரப்பை நம்பினால் சல்ஃபோனே உருவாகவில்லை என்று எழுதிவிடுவீர்கள்.

ஒவ்வொரு சாம்பிளிலும் சல்ஃபைடு, சல்ஃபாக்சைடு, சல்ஃபோன் மூன்றையும் கூட்டினால் தொடக்க அளவில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

7. பிளாங்க்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஏதாவது ஒரு பொருளை விட்டுவிட்டு ஓட்டும் ஒப்பீட்டு ரன்தான் பிளாங்க். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து வந்த ஒரு பையனோடு நடந்த பேச்சு.

"அண்ணா, ரன் சூப்பரா போகுது. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு."

"கோல்டு போடாம ஓட்டினியா?"

"ஓட்டினேன் ண்ணா. ஒண்ணுமே நகரல."

"அந்த பிளாங்க்ல ஆசிட் போட்டியா?"

சத்தமே இல்லை. தங்க ஸ்டாக்கை விட்டுவிட்டு அதற்குப் பதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். தங்க ஸ்டாக்கோடு சேர்ந்து போன ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அந்தக் குடுவையில் இல்லை. அமிலம் மட்டும் இருந்தாலே பெராக்சைடு சல்ஃபைடை வேகமாகத் தாக்கும். தங்கத்தின் கணக்கில் வரவு வைத்ததில் அமிலத்தின் பங்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. அந்த வாரம் முழுக்க மறுபடியும் ஓட்டினான்.

நான்கு பிளாங்க் வேண்டும்.

முதலாவது, தங்கம் இல்லை, மற்ற எல்லாம் அதே அளவு, அமிலமும் அதே அளவு. இதுதான் பின்னணி வேகம்.

இரண்டாவது, தங்கமும் இல்லை, அமிலமும் இல்லை. முதலாவதோடு ஒப்பிட்டால் அமிலத்தின் பங்கு தெரியும்.

மூன்றாவது, தங்கம் உண்டு, பெராக்சைடு இல்லை. தங்கம்(III) தானே ஒரு ஆக்சிஜனேற்றி. ஒரு அணு ஒரு சல்ஃபைடைச் சல்ஃபாக்சைடாக்கிவிட்டு தங்கம்(I) ஆகி ஓய்ந்துவிடும். சல்ஃபைடு 50 மில்லிமோலார், தங்கம் 0.5 மில்லிமோலார் என்றால், ஒரு சதவீதத்தோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சுழற்சியில் கலந்துகொள்கிறது என்று பொருள். அப்படியானால் எல்லா ரன்னிலும் மூடி, கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் அளவு, கலக்கும் வேகம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நான்காவது, கழுவிய பழைய குடுவையிலும் பாரிலும் முதல் பிளாங்க்கை மறுபடி ஓட்டுங்கள். புதுக் குடுவையில் வந்த வேகமே வந்தால் உங்கள் கழுவல் சரி.

பிளாங்க்கைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'வினை இல்லை' என்று எழுதக் கூடாது. தங்க ரன் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் ஓட வேண்டும்.

8. ரன்

20 மி.லி. கணக்கு. குடுவையில் 16 மி.லி. அசிட்டோநைட்ரைல், 1.00 மி.லி. சல்ஃபைடு ஸ்டாக், 0.98 மி.லி. தண்ணீர், 0.50 மி.லி. அமிலத் திருத்தி, 1.02 மி.லி. பெராக்சைடு. மூடியை லேசாக வைத்து, 40 டிகிரி பாத்தில் 15 நிமிடம் நிற்கட்டும். இறுக்கி மூடினால் ஆக்சிஜன் சேர்ந்து மூடி பறக்கும்.

தங்கம் கடைசியில். காரணம் இரண்டு. குடுவையில் ஏற்கெனவே சல்ஃபைடு நிறைய இருப்பதால் தங்கம் விழுந்ததுமே அதைப் பிடித்துக்கொள்ளும், உலோகமாக ஒடுங்கும் ஆபத்து குறையும். அதோடு, தங்கம் போடும் முன் அதே குடுவையில் இரண்டு சாம்பிள் எடுத்தால் பின்னணி வேகம் பற்றி ஒரு துப்பு கிடைக்கும். ஆனால் தங்க ஸ்டாக்கோடு வரும் அமிலம் அப்போது குடுவையில் இல்லை, அதனால் முதல் பிளாங்க்குக்கு அது மாற்று அல்ல.

0.50 மி.லி. தங்க ஸ்டாக்கை ஒரே மூச்சில் விடுங்கள். ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். இப்போது சல்ஃபைடு 0.05 மோலார், பெராக்சைடு 0.5 மோலார், தங்கம் 0.5 மில்லிமோலார், ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மில்லிமோலார், தண்ணீர்ப் பங்கு மொத்தம் 3 மி.லி. பெராக்சைடு பத்து மடங்கு அதிகம் என்பதால் அது ஏறத்தாழ மாறாமல் நிற்கும். போலி முதல் வகை வினை என்று பன்னிரண்டாம் வகுப்பில் படித்தது இதைத்தான்.

சாம்பிள் 0.20 மி.லி. முன்பே 10 மி.லி. அளவுக் குடுவைகளில் 0.4 மி.லி. 1 மோலார் சோடியம் சல்ஃபைட் ஊற்றி வரிசையாக வைத்திருங்கள். சாம்பிள் அதில் விழுந்த நொடிதான் நேரம். பிப்பெட்டில் ஏறிய நொடி அல்ல. சல்ஃபைட் பெராக்சைடை உடனே அழிக்கும், தங்கத்தையும் ஒடுக்கும். அப்புறம் பாதிக்குப் பாதி அசிட்டோநைட்ரைல் கலந்த தண்ணீரால் கோடுவரை நிரப்பி, 0.45 மைக்ரான் ஃபில்டரில் விட்டு வயலில் பிடியுங்கள்.

ஹெச்பிஎல்சி பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும், மறுநாள்தான் நேரம் கிடைக்கும். நிறுத்தியது உண்மையாக நின்றதா என்று ஒரே சாம்பிளை அன்றும் மறுநாளும் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக பஸ் ஏறலாம்.

முதல் ரன் வேவு பார்க்க மட்டும்: 1, 5, 15, 30, 60, 120 நிமிடம். அதிலிருந்து அரை வாழ்காலத்தைத் தோராயமாகப் பிடித்து, அடுத்த ரன்களில் மூன்று அரை வாழ்காலத்துக்குள் ஒன்பது பத்து புள்ளிகளைப் பரப்புங்கள். மூன்று அரை வாழ்காலம் என்றால் 87.5 சதவீதம் முடிந்திருக்கும்.

கரன்ட் போனால் அந்த ரன் போச்சு. பாத் குளிர்ந்ததற்குப் பிறகு வந்த புள்ளிகளை 'கொஞ்சம்தானே' என்று சேர்க்காதீர்கள்.

9. குடுவையைக் கண்ணால் பாருங்கள்

மெஷின் சொல்லாததை நிறம் சொல்லும். சுழற்சியில் இரண்டு கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தங்கம்(III) சல்ஃபைடை ஆக்சிஜனேற்றிவிட்டு தங்கம்(I) ஆகிறது. பெராக்சைடு அதை மறுபடி தங்கம்(III) ஆக்குகிறது. தங்கம்(III) மஞ்சள், தங்கம்(I) நிறமற்றது.

ரன் முழுக்க மஞ்சள் நின்றால் தங்கத்தின் பெரும்பகுதி (III) நிலையில் காத்திருக்கிறது, அதாவது முதல் கட்டம் மெதுவானது. பெராக்சைடை ஏற்றினாலும் வேகம் ஏறாது என்று எதிர்பார்க்கலாம். போட்ட சில நொடியில் மஞ்சள் மறைந்து, சல்ஃபைடு தீரும் நேரத்தில் திரும்பி வந்தால், மெதுவானது இரண்டாவது கட்டம். அப்போது வேகம் பெராக்சைடைப் பொறுத்தது, சல்ஃபைடின் செறிவைப் பொறுத்தது அல்ல. தங்கம் ஆக்சிஜனேற்றியாக இல்லாமல், பெராக்சைடைத் தூண்டிவிடும் லூயிஸ் அமிலமாக (எலக்ட்ரான் ஜோடியை ஏற்கும் பொருள்) மட்டும் நின்றாலும் மஞ்சள் அப்படியே இருக்கும். அதனால் நிறம் துப்பு மட்டும், தீர்ப்பு பதினோராவது படியில்.

இளஞ்சிவப்போ ஊதாவோ தெரிந்தால் தங்கம் துகளாகிவிட்டது. யூவி மெஷினில் 520 நா.மீ. பக்கத்தில் ஒரு மேடு வரும். அந்த ரன்னைத் தனியாக வையுங்கள். 0.45 மைக்ரான் ஃபில்டர் இந்தத் துகளைப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். அது நானோமீட்டர் கணக்கு, ஓட்டை வழியே சும்மா போகும். ஒவ்வொரு ரன் முடிவிலும் நிறுத்தாத கரைசலில் ஒரு தடவை 520 பார்த்து நோட்டில் எழுதுவதைப் பழக்கமாக்குங்கள்.

10. முதல் வகைதானா?

வேகம் சல்ஃபைடின் செறிவுக்கு நேர்விகிதமாக இருந்தால் முதல் வகை. சல்ஃபைடின் தொடக்கச் செறிவை அந்தந்த நேரத்துச் செறிவால் வகுத்து இயல் மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வு வேக மாறிலி. அரை வாழ்காலம் 20 நிமிடம் என்றால் மாறிலி நிமிடத்துக்கு 0.0347, நொடிக்கு 5.8 × 10⁻⁴.

எக்செல் கொடுக்கும் ஆர் ஸ்கொயர் 0.99 என்று மகிழ வேண்டாம். பூஜ்ஜிய வகை வினையின் (வேகம் செறிவைப் பொறுத்ததே அல்ல) முதல் 30 சதவீதத்தை எடுத்து இதே மடக்கை வரைபடம் போட்டாலும் 0.99 தாண்டும். அதற்காகத்தான் 87.5 சதவீதம்வரை ஓட்டச் சொன்னது. எச்சங்களை வரையுங்கள்: கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசம் மேலும் கீழுமாகச் சிதறினால் சரி. முதலில் கீழே, நடுவில் மேலே, கடைசியில் மறுபடி கீழே என்று வில் போல வளைந்தால் நீங்கள் தேர்ந்த வகை தவறு.

11. ஒன்றை மாற்றினால் மற்றதை அசைக்காதீர்கள்

தங்கத்தை 0.25, 0.50, 0.75, 1.00 மி.லி. ஸ்டாக் என்று மாற்றும்போது, அமிலத் திருத்தி 0.75, 0.50, 0.25, 0. கூட்டினால் எப்போதும் 1.00 மி.லி. அப்போதுதான் அமிலம் நிலையாக நிற்கும். முதல் பிளாங்க்கின் வேகத்தைப் பூஜ்ஜியத் தங்கப் புள்ளியாக அதே வரைபடத்தில் போடுங்கள். நேர்கோடாக ஏறினால் தங்கத்தில் முதல் வகை. சாய்வுதான் தங்கத்தின் சொந்த வேகம், வெட்டுத்துண்டு மற்றவர்களின் வேலை. மேலே போகப் போகப் படுத்துவிட்டால் தங்கத்தில் ஒரு பகுதி செயலற்றுப் போகிறது, முதலில் 520-ஐப் பாருங்கள்.

பெராக்சைடை 0.25, 0.50, 0.75 மோலார் என்று மாற்றும்போது 0.51, 1.02, 1.53 மி.லி.; அதோடு சேரும் தண்ணீர் 1.49, 0.98, 0.47. இதைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன இரண்டு கட்டப் பாதையில் சல்ஃபாக்சைடுக்கு வேண்டிய ஆக்சிஜன் அணு தண்ணீரிலிருந்து வருகிறது. தண்ணீர் கூடினால் வேகமும் கூடலாம். அதைப் பெராக்சைடின் வினைவகை என்று எழுதிவிடக் கூடாது.

சல்ஃபைடை 0.025, 0.05, 0.075 மோலார் என்று மாற்றுங்கள். உண்மையான முதல் வகை என்றால் மூன்றிலும் ஒரே மாறிலி வர வேண்டும். சல்ஃபைடு ஏற ஏற மாறிலி குறைந்தால் தங்கம் நிரம்பி வழிகிறது, அல்லது விளைபொருள் தடுக்கிறது. அதற்கு அடுத்த படி.

நேரமிருந்தால் லித்தியம் குளோரைடை 5, 10, 20 மில்லிமோலார் சேர்த்துப் பாருங்கள். சல்ஃபைடு தங்கத்தில் உட்கார ஒரு குளோரைடு எழுந்து இடம் விட வேண்டும். குளோரைடு கூடக் கூட வேகம் குறைந்தால் அந்த இடமாற்றம் கணக்கில் இருக்கிறது. வைவாவில் நல்ல பேர் வாங்கித் தரும் சோதனை இது. ஒரே நாளில் முடியும்.

12. பாதி வழியில் தொடங்கும் ரன்

வழக்கமான ரன் பாதி முடியும்போது சல்ஃபைடு 0.025, பெராக்சைடு 0.475 மோலார் இருக்கும். அதே இரண்டு செறிவையே தொடக்கமாக வைத்து, அதே அளவு தங்கத்தோடு புதிதாக ஒரு ரன் ஓட்டுங்கள். இரண்டு வளைகோட்டையும் நேரத்தை நகர்த்தி மேலே மேலே வையுங்கள்.

ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் வினையூக்கி களைக்கவில்லை, விளைபொருளும் தொந்தரவு செய்யவில்லை. புது ரன் வேகமாகப் போனால் இரண்டில் ஒன்று. எது என்று பார்க்க மூன்றாவது ரன்: அதே புதுத் தொடக்கம், கூடவே 0.025 மோலார் சல்ஃபாக்சைடு. இப்போது பழைய கோட்டோடு படிந்தால் சல்ஃபாக்சைடு தங்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போதும் படியாவிட்டால் தங்கம் வழியிலேயே செத்துக்கொண்டிருக்கிறது.

கூடவே ரன் முடிவில் மிச்சமுள்ள பெராக்சைடையும் அளந்துவிடுங்கள். இங்கே பெர்மாங்கனேட் உதவாது, சல்ஃபாக்சைடையும் தின்றுவிடும். டைட்டானியம் உப்பு கந்தக அமிலத்தில் பெராக்சைடோடு தரும் மஞ்சளை 410 நா.மீ.-ல் அளக்கலாம். எல்லாச் சல்ஃபைடும் சல்ஃபாக்சைடானால் 0.45 மோலார் மிச்சம் இருக்க வேண்டும். சல்ஃபோனும் இல்லாமல் 0.35 காட்டினால், தங்கத் துகளோ வேறு அழுக்கோ பெராக்சைடைச் சும்மா உடைத்துக்கொண்டிருக்கிறது.

13. கிளர்வு ஆற்றல்

35, 40, 45, 50 டிகிரி, ஒவ்வொன்றும் மூன்று தடவை. 50-க்கு மேல் பெராக்சைடு தானே உடைவதும் கூடிவிடும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் பிளாங்க்கையும் ஓட்டிக் கழியுங்கள். பின்னணி வினைக்குத் தனிக் கிளர்வு ஆற்றல் உண்டு. 40-ல் எடுத்த பிளாங்க்கை 50-ல் கழித்தால் இரண்டு வினையின் கலவைக்கு ஒரு எண் கிடைக்கும்.

10 டிகிரிக்கு வேகம் இரட்டித்தால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 56 கிலோஜூல் போல வரும். கையால் போட்ட கணக்கைச் சரிபார்க்க இது போதும். ஐரிங் சமன்பாட்டுக்கு (வெப்பநிலையோடு வேகம் மாறுவதிலிருந்து கிளர்வு என்தால்பியும் என்ட்ரோபியும் தருவது) போகும்போது மாறிலி நொடிக் கணக்கில் இருக்க வேண்டும். நிமிடக் கணக்கிலேயே போட்டால் என்தால்பி சரியாக வரும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் கிளர்வு என்ட்ரோபியில் 34 ஜூல் கூடிவிடும். குறை எண்ணாக வர வேண்டியது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அதற்கு ஒரு பக்கத்துக்கு விளக்கமும் எழுதியிருப்பார்கள். பார்த்திருக்கிறேன்.

14. கழிவு

மிச்சக் கரைசலில் சல்ஃபைட் சேர்த்துப் பெராக்சைடை அழித்து, டெஸ்ட் பேப்பரில் பார்த்த பிறகே கழிவுப் பாட்டிலில் ஊற்றுங்கள். பெராக்சைடு மிச்சமிருக்கும் பாட்டிலை இறுக்கி மூடினால் ராத்திரியில் வெடிக்கும். தங்கக் கழிவுக்குத் தனிப் பாட்டில், அதன்மேல் தேதி. சிங்க்கில் எதுவும் போகக் கூடாது.

சல்ஃபைடு நாறும் பிப்பெட் முனை, வயல் எல்லாம் ஹூடுக்குள் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஒரு ராத்திரி ஊறட்டும், வாசனை போய்விடும். அந்த வாளியில் அமிலம் பட்ட எதையும் போடாதீர்கள், குளோரின் கிளம்பும். அமிலம் பட்டவற்றைத் தண்ணீரில் அலசி, சோடா உப்புக் கரைசலில் முக்கி எடுத்த பிறகு போடலாம். கையுறையைக் கழற்றி ஹூடுக்குள் இருக்கும் குப்பைப் பையிலேயே போட்டுக் கட்டிவிடுங்கள். பாக்கெட்டில் வைத்துக்கொண்டு 56 சி பஸ்ஸில் ஏறிய ஒருவனை நடுவழியில் இறக்கிவிட்டார்கள்.